பழைய குடித்தனக்காரரோடு சேர்த்து வீடு வாங்கலாமா?

கேள்வி, 8 ஜூன் 2024

திருவல்லிக்கேணியில் அரை கிரவுண்டில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. தரைத்தளம் மட்டும், மூன்று போர்ஷன். இரண்டு காலி. மூன்றாவதில் 1986-லிருந்து ஒரு குடும்பம் இருக்கிறது, மாத வாடகை 1,100 ரூபாய். அக்கம்பக்கத்து விலையைவிடக் கால்வாசி குறைத்துச் சொல்கிறார்கள். "ரெண்ட் கண்ட்ரோல் சட்டத்தையே எடுத்தாச்சு சார், மூணே மாசத்துல காலி பண்ணிடலாம்" என்கிறார் புரோக்கர். வாடகை வருமானத்துக்காக எனக்கு இது முதல் முதலீடு. இறங்கலாமா?

பதில், 8 ஜூன் 2024, மாலை

புரோக்கர் சொன்னதில் முதல் பாதி சரி. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. அதன் இடத்தில் 2017-இல் நிறைவேறிய சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டாவது பாதியை நம்பி வீட்டை வாங்கப்போவது அவர் இல்லை, நீங்கள். அதனால் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தக் குடித்தனக்காரர்மேல் வழக்கு ஏதாவது நடக்கிறதா? பழைய சட்டத்தின்கீழ் போட்ட மனுக்கள் பழைய சட்டப்படியே தொடரும். ஆர்.சி.ஓ.பி. (வாடகைக் கட்டுப்பாட்டு மனு) நம்பர் இருந்தால் வாங்கி, ஒரு வக்கீலை விட்டு வழக்குக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். "கேஸ் நம்ம பக்கம்தான், வாங்கினவுடனே உங்க பேருக்கு மாத்திக்கலாம்" என்பார்கள். என்ன காரணம் காட்டிப் போட்ட மனு என்பதுதான் விஷயம். வாடகை பாக்கிக்காகப் போட்டிருந்தால் ஒரு கதை. "என் மகன் குடியிருக்க வேண்டும்" என்று போட்டிருந்தால் அந்தத் தேவை விற்பவருடையது, அவர் மகனுடையது. வீட்டையே விற்றுவிட்டுப் போகிறவருக்கு அந்த வீட்டில் என்ன தேவை என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே கேட்பார். உங்கள் தேவையை நீங்கள் தனியாக, புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

8 ஜூன், இரவு

விட்டுப்போனது: அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது? 1986-இல் கொடுத்தது 3,000 ஆக இருந்தாலும் அதைக் கிரயத் தொகையில் கழித்துக்கொண்டு பத்திரத்தில் எழுதுங்கள். காலி செய்யும் நாளில் அவர் உங்களிடம்தான் கேட்பார்.

9 ஜூன் 2024

"வாடகைக் கட்டுப்பாடு என்றால் வாடகையை ஏற்ற விடாமல் தடுப்பதுதானே, அதனால்தானே 1,100 ரூபாய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்தவர்கள் சிரிப்பார்கள்.

நியாய வாடகை கணக்கிட ஒரு சூத்திரம் அதில் இருந்தது. கட்டடத்தின் மதிப்பில் தேய்மானம் கழித்துவிட்டு, அதோடு கட்டடம் நிற்கும் நிலத்தின் சந்தை மதிப்பையும், அதில் பாதி அளவு வரை காலி நிலத்தின் மதிப்பையும் சேர்க்க வேண்டும். வசதிகளுக்கு மேலே கொஞ்சம் போடலாம். வந்த தொகையில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம். அதுதான் நியாய வாடகை.

இந்த வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு போர்ஷன் 300 சதுர அடி, அதன் பங்குக்குக் காலி இடம் 100. சதுர அடி 12,000 என்று வைத்தால் 48 லட்சம். அதில் 9 சதவீதம் 4.32 லட்சம். மாதத்துக்கு 36,000 ரூபாய்! கட்டடத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. டூ-லெட் போர்டு மாட்டினால் அந்த 300 அடி போர்ஷனுக்கு 10,000 கிடைப்பதே பெரிய பாடு.

நிலத்தின் விலை ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லை. ஆனால் சூத்திரம் நிலத்தின் விலையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. குடித்தனக்காரரைக் காக்க வந்த சட்டத்தில் வீட்டுக்காரருக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் இது. விவரம் தெரிந்தவர்கள் காலி செய்யச் சொல்லி மனுப் போட மாட்டார்கள், நியாய வாடகை நிர்ணயம் கேட்டுப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு இன்ஜினீயர் ரிப்போர்ட், பக்கத்துத் தெருக் கிரயப் பத்திரம் ஒன்று. கோர்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை சொல்லும். அந்த வாடகை மனுப் போட்ட தேதியிலிருந்து செல்லும் என்பதால் தீர்ப்பு வரும்போது பாக்கி லட்சக்கணக்கில் நிற்கும். கட்ட முடியாது. பிறகென்ன, வேண்டுமென்றே பாக்கி வைத்ததாக அடுத்த மனு.

9 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

அப்புறம் ஏன் 1,100-லேயே நிற்கிறது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அந்த மனுவைப் போடவே இல்லை. காரணங்கள் பல. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை ஆகியிருக்காது, யார் மனுதாரர் என்பதிலேயே சண்டை. அப்பா காலத்து ஆள், முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது. வக்கீல் ஃபீஸ். இத்தோடு சோம்பல்.

ஒரு வீட்டில் இன்னமும் 1,100 வாடகை என்றால் அந்தக் குடும்பத்தில் யாரும் இத்தனை வருஷம் ஒன்று சேர்ந்து ஒரு முடிவு எடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இதைச் சும்மா சொல்லவில்லை, பிறகு வருகிறேன்.

11 ஜூன் 2024

எங்கள் பெரியப்பா வீட்டுக் கதை. அதுவும் அதே பேட்டைதான், அதே மாதிரி ஒண்டுக்குடித்தன வீடு. சொந்தக் குடியிருப்புத் தேவை என்று மனு. சின்ன வழக்குகள் கோர்ட்டில் ஜெயம், அப்பீலில் தோல்வி, ஹைகோர்ட் சீராய்வில் திரும்ப ஜெயம். மனுப் போட்டபோது, யாருக்காக அந்தப் போர்ஷன் வேண்டும் என்று கேட்டாரோ அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். தீர்ப்பு நகல் கைக்கு வந்தபோது அவன் பெங்களூரில் வேலையில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டான்.

குடித்தனக்காரர் ஒன்றும் வில்லன் இல்லை. ஸ்கூல் வாத்தியார். வாடகையை பெரியப்பா வாங்க மறுத்த காலத்தில் மாதா மாதம் எம்.ஓ. அனுப்புவார், அது திரும்பி வரும், அந்தச் சீட்டை எல்லாம் நூல் கோத்துக் கோர்ட்டில் காட்டுவார். நடுவில் தன் பெண் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து பெரியம்மா கையில் கொடுத்தார். பெரியப்பா போகவில்லை. பெரியம்மா போய் மொய் எழுதிவிட்டு வந்தாள். அடுத்த வாய்தாவில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடக் காத்திருந்தார்கள்.

இதைச் சொல்வது அழ வைக்க இல்லை. கால்வாசி விலை குறைப்பு உங்களுக்கு லாபமாகத் தெரிகிறது. எனக்கு அது காலத்தின் விலையாகத் தெரிகிறது. விற்பவர் காத்திருந்து சலித்த வருஷங்களை உங்கள் தலையில் கட்டுகிறார், அதற்குக் கூலி அந்தக் கால்வாசி. அந்தக் கூலி போதுமா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

15 ஜூன் 2024

புதுச் சட்டத்தில் என்ன மாறியது என்று நிறையப் பேர் கேட்டதால் நீளமாக எழுதுகிறேன்.

பெரிய மாற்றம், நியாய வாடகைச் சூத்திரம் இல்லை. வாடகை என்பது இருவரும் பேசி எழுதிக்கொள்வது. எழுத வேண்டும் என்பதுதான் இதில் கிடுக்கிப்பிடி. எல்லா வாடகைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். வாய்மொழியாக இருந்த பழைய குடித்தனங்களுக்கும் இதே விதி. முதலில் 90 நாள் கெடு கொடுத்தார்கள், நீட்டி நீட்டிக் கடைசியில் 575 நாளில் வந்து நின்றது. அதுவும் எப்போதோ முடிந்தது. சென்னையில் எத்தனை வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு எண் இருப்பதே தெரியும்? என் தெருவில் கேட்டுப் பார்த்தேன். "சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சா போதாதா?" என்றார்கள். போதாது, இது வேறு பதிவு. 11 மாத அக்ரிமெண்டுக்கும் உண்டு.

காலி செய்ய வைக்கும் காரணங்கள் 21-ஆம் பிரிவில் இருக்கின்றன. முதல் காரணமே இருவருக்கும் ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதுதான். உங்களுக்கு வரும் வீட்டில் நடைமுறையில் இதைத்தான் பிடிப்பார்கள்: புது வாடகை சொல்லி ஒப்பந்தம் போட வாருங்கள் என்று நோட்டீஸ், அவர் வரவில்லை என்றால் மனு. இன்னொன்று, இரண்டு மாத வாடகை பாக்கி. நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப்போகும். உள்வாடகைக்கு விட்டது, வேறு உபயோகத்துக்கு மாற்றியது, இடித்துக் கட்டுவது, சொந்தத் தேவை, எல்லாம் உண்டு. குடித்தனக் காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் இரண்டு மடங்கு வாடகை கேட்கலாம்.

புரோக்கரின் "மூணு மாசம்" எங்கிருந்து வந்தது என்றால், வழக்குகளைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிச் சட்டத்தில் கெடு எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பது உண்மை. வாடகைக் கோர்ட்டுக்கு மேலே தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கு மேலே ஹைகோர்ட்டும் இருக்கத்தான் செய்கிறது. பழையதைவிட வேகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அவரிடமே அந்த வீட்டை வாங்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை நிறுத்துவது, ஈ.பி. ஃபியூஸைப் பிடுங்குவது, கக்கூஸ் கதவைக் கழற்றுவது போன்ற "ஐடியா" யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பழைய சட்டத்திலும் கூடாது, புதிதிலும் கூடாது. ஜெயிக்கிற வழக்கைத் தோற்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

16 ஜூன் 2024

"12 வருஷம் இருந்துவிட்டால் வீடு குடித்தனக்காரருக்கே சொந்தமாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. 12 வருஷம் வாடகைக்கு இருந்தால் வீடு அவருக்குச் சொந்தமாகாது. 30 வருஷம் இருந்தாலும் ஆகாது. வாடகைக்கு வந்தவர் வாடகைக்காரராகவே இருக்கும்வரை உரிமை கோர முடியாது. "நீ உரிமையாளரே இல்லை" என்று அவர் சொல்லவும் சாட்சியச் சட்டம் விடாது. சொன்னால் பழைய சட்டத்தில் அதுவே காலி செய்ய ஒரு காரணம்.

11 மாதம் என்று எழுதுவதற்கும் இந்தப் பயத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் அது.

பயப்பட வேண்டியது வேறு: அவர் வாடகைக்காரர்தான் என்பதற்கு உங்களிடம் காகிதம் இருக்கிறதா? ரசீதுக் கட்டை, பழைய கடிதம், பேங்க் பாஸ்புக் வரவு, பழைய வழக்கில் அவர் கொடுத்த எதிருரை, எதாவது ஒன்று. விற்பவர் "அதெல்லாம் எங்கப்பா காலத்துல" என்று கையை விரித்தால் கிரயத்துக்கு முன்பே குடித்தனக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள்: இன்னாரிடம் இன்ன வாடகைக்கு இருக்கிறேன், இனி புதியவருக்குக் கொடுப்பேன் என்று. சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி வீடு கைமாறினால் குடித்தனமும் தானாக உங்களுக்கு வந்துவிடும். ஆனாலும் அந்தக் கடிதம் பின்னால் ஒரு முழு வழக்கை மிச்சம் பிடிக்கும். அதே பிரிவில் இன்னொரு சின்ன விஷயம்: கிரயத்துக்கு முந்தைய பாக்கி வாடகை உங்களுக்குத் தானாக வராது. வேண்டுமென்றால் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

23 ஜூன் 2024

அட்வான்ஸ் பற்றிச் சண்டை ஆரம்பித்துவிட்டதால்.

பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலம் முழுக்கச் சென்னையில் 10 மாத அட்வான்ஸ் நடந்தது. நீதிபதிகளும் அப்படித்தான் வாடகைக்கு இருந்திருப்பார்கள். புதுச் சட்டத்தில் மூன்று மாதம், இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அந்த "தவிர" வழியாகத்தான் இப்போது 10 மாதம் உள்ளே வருகிறது.

புதிதாக வாடகைக்கு விடுகிறவர்களுக்கு என் யோசனை: வாங்கிய அட்வான்ஸைத் தொடாதீர்கள், பிக்சட் டெபாசிட்டில் போடுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாதம், குழாய்க்கு இவ்வளவு, கதவுக்கு அவ்வளவு என்று கடைசி நாளில் பிடித்தம் செய்து சண்டை போடுகிற வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அட்வான்ஸைச் செலவழித்துவிட்டவர்கள். அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் இவருக்குத் திருப்பித் தர முடியும் என்ற நிலையில் வீடு காலியாகவே நிற்கும்.

சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய், 10 ரூபாய் வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது, அதற்கும் சேர்த்து வசூல் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் சில நூறு ரூபாய் லாபம் வரும், நல்ல குடித்தனக்காரர் போய்விடுவார். போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

டூ-லெட் போர்டில் எழுதுகிற நிபந்தனைகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த இணைய விவாத இழையே பூட்டப்படும். ஒன்று மட்டும். "சைவம் மட்டும்", "பேச்சிலர் வேண்டாம்", "வக்கீல் வேண்டாம், போலீஸ் வேண்டாம்" என்று சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, "நாலு மாசமா ஆளே வரலை" என்று இங்கே வந்து புலம்பாதீர்கள்.

2 ஜூலை 2024

வருமானக் கணக்கு. யாரோ "வாடகையிலேயே இ.எம்.ஐ. கட்டிவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். சென்னையில் எந்தப் பேட்டையில் என்று தெரிந்தால் நானும் வருகிறேன்.

75 லட்சத்துக்கு மறுவிற்பனையில் ஒரு ஃபிளாட். கிரயம் பதிய, 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 ஆகக் குறைந்த பிறகும், முத்திரைத் தீர்வையோடு சேர்த்து அரசு வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம். புரோக்கர், வக்கீல், கொஞ்சம் ரிப்பேர், எல்லாம் போய் 82 லட்சத்தில் நிற்கும். வாடகை 20,000. வருஷத்துக்கு 2.4 லட்சம். ஒரு மாதம் காலி, சொத்துவரி, பிளம்பர், மோட்டார் காயில் கட்டுவது என்று 50,000 போனால் மிச்சம் 1.9 லட்சம். 2.3 சதவீதம். பேங்க் டெபாசிட்டில் போட்டிருந்தால் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல், மோட்டார் காயிலும் கிடையாது.

வருமான வரியில் மட்டும் ஒரு சலுகை. வாடகையில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்டலாம் என்று சொல்கிறார்களே, அது பழைய வரிமுறையில் 2 லட்சம் வரைதான். புதிய வரிமுறையில் முடியாது.

ஆக, சென்னையில் வாடகைக்காக வீடு வாங்குகிறேன் என்று யார் சொன்னாலும் அவர் வாங்குவது மண். வாடகை என்பது மண் விலை ஏறும்வரை சொத்துவரி கட்ட உதவுகிற தொகை.

3 ஜூலை 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கடுமை. சொந்தமாக ஓடியாடிப் பார்க்கிறவர்களுக்குப் பழைய போர்ஷன் வீடு ஃபிளாட்டைவிட நல்ல வருமானம் தரும். ஒரே மண்ணில் மூன்று வாடகை. பேச்சிலர் பையன்கள் நாலு பேர் சேர்ந்து கொடுப்பது ஒரு குடும்பம் கொடுப்பதைவிட அதிகம். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவைதான். ஃபிளாட்டுக்கு நேற்றையக் கணக்கு அப்படியே நிற்கிறது.

20 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் பத்திர நகல்களைக் காட்டியிருக்கிறார். (விவரம் இங்கே போடவில்லை.) இரண்டு விஷயம்.

ஒன்று, மண் யாருடையது? திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் வீடு மட்டும் சொந்தம், மனை கோயிலுடையது என்பது சகஜம். கட்டடத்தைத்தான் விற்பார்கள், மனை வாடகையைக் கோயிலுக்கு நீங்கள் தொடர்ந்து கட்ட வேண்டும். "1921 சட்டம் இருக்கு சார், மனையையும் கோர்ட் மூலமா வாங்கிடலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. அந்த நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பிறர் மண்ணில் சொந்தச் செலவில் கட்டியவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது நிஜம். ஆனால் 1996 திருத்தத்தில் கோயில், மசூதி, சர்ச் நிலங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். வில்லங்கச் சான்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. டவுன் சர்வே நில ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். (இவர் வீட்டில் மண் தனியார் பெயரில்தான் இருக்கிறது. தப்பித்தார்.)

இரண்டு, இதற்குத்தான் முன்னால் "பிறகு வருகிறேன்" என்றேன். கிரயம் எழுதித் தர வருகிறவர்கள் இரண்டு அண்ணன் தம்பிகள். வாரிசுச் சான்றில் மூன்று பெயர். மூன்றாவது, சேலத்தில் கட்டிக் கொடுத்த அக்கா. "அவளுக்கு நகை போட்டுச் செஞ்சாச்சு" என்கிறார்களாம். அப்பாவின் சுயார்ஜித (அவரே சம்பாதித்த) சொத்து, உயில் இல்லை என்றால் மகளுக்கும் சம பங்கு, நகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு அவரைத் தள்ள முடியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்கு அந்தப் பங்கு வந்துவிட்டது. அக்கா கையெழுத்துப் போடட்டும், இல்லை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். வாடகை 1,100-லேயே நின்றதற்கும் அக்கா கையெழுத்துக்கும் ஒரே வேர்தான் இருக்க வேண்டும்.

28 ஜூலை 2024

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒருவர் பகடி வீடு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை உரிமையை வாங்குகிற வீடு, பற்றிக் கேட்கிறார். அங்கே கதை வேறு, நமக்கு நடந்ததற்கு நேர் எதிர். 1947 பம்பாய்ச் சட்டத்தில் வாடகை பழைய அளவிலேயே உறைந்துவிட்டது. 1999 மகாராஷ்டிரச் சட்டத்தில் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றலாம் என்று வந்தது. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் ஏற்றி என்ன செய்வது? வீட்டுக்காரர் கட்டடத்தைப் பராமரிக்க மாட்டார், மழைக்காலத்தில் சுவர் விழும். வாடகைக்காரர் தன் வாடகை உரிமையையே பெரிய தொகைக்குக் கைமாற்றுவார், அதில் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு. அந்தத் தொகை வாங்குவதை 1999 சட்டத்தின் 56-ஆம் பிரிவு அனுமதித்துவிட்டது. 1997-இல் சுப்ரீம் கோர்ட் அந்த வாடகை உறைவு நியாயமற்றதாகிவிட்டது என்றே சொன்னது.

பகடி வீட்டை முதலீடாக வாங்குகிறவர் கட்டடம் மறுசீரமைப்புக்குப் போகும் என்று சீட்டுக் கட்டுகிறார். அந்தச் சீட்டு எப்போது விழும் என்பது பில்டருக்கும் தெரியாது. அதற்கு மேல் மும்பை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

11 ஆகஸ்ட் 2024

"குடித்தனக்காரருக்குப் பணம் கொடுத்துக் காலி செய்ய வைப்பது தப்பில்லையா?" என்றும் "ஏன் கொடுக்கணும்?" என்றும் இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த இழை முழுக்க இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அந்தக் குடும்பம் 1,100-க்குப் பழகிவிட்டது. பக்கத்தில் அதே அளவு வீடு 10,000. கூடவே ஒரு லட்சம் அட்வான்ஸ். அவர்கள் நகராததற்குச் சட்டம் பாதிக் காரணம்தான், இந்த 8,900 வித்தியாசம் மீதிப் பாதி. மூன்று வருஷ வித்தியாசத்தையும் அட்வான்ஸையும் கூட்டினால் நாலு லட்சத்துச் சொச்சம். அதைக் கொடுத்தால் வழக்குச் செலவைவிடக் குறைவு, காலமும் மிச்சம். யாரும் யார் காலிலும் விழ வேண்டாம்.

ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர் விற்பவர். நீங்கள் பேச வேண்டியது இது: காலி செய்து சாவி கொடுத்தால் முழு விலை, குடித்தனத்தோடு கொடுத்தால் கால்வாசி அல்ல, இன்னும் குறைத்து. நடு வழியும் உண்டு. கிரய ஒப்பந்தம் போட்டு, ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வைத்து, சாவி வந்த அன்றைக்குக் கொடுப்பது. சொந்தக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லாதவர்களும் கையில் பணம் தெரிந்தால் ஒரு மாதத்தில் குடித்தனக்காரரிடம் பேசி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குடித்தனக்காரருக்குக் கொடுக்கும் பணம் செக்கில் போகட்டும், பத்திரத்தாளில் ஒப்படைப்பு எழுதி எல்லாப் பெரியவர்களும் கையெழுத்துப் போடட்டும். கணவர் மட்டும் போட்டுவிட்டுப் போய், அம்மா உள்ளே இருக்கிற கட்டிலிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்ன வீடு எனக்குத் தெரியும். வழக்கு இருந்தால் சமரச மெமோ போட்டுக் கோர்ட்டில் முடித்துவிடுங்கள்.

12 ஆகஸ்ட் 2024

மேலே "மூன்று வருஷ வித்தியாசம்" என்றது என் கைக்கணக்கு. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கடையாக இருந்தால் இந்தக் கணக்கு வேலைக்காகாது. கடைக்காரர் இடத்துக்கு மட்டும் கேட்க மாட்டார், அந்த வாசலுக்கு வந்து பழகிய வாடிக்கைக்கும் கேட்பார். ரங்கநாதன் தெருவில் நாலடிக்கு நாலடிப் பெட்டிக்கடையை எழுப்ப ஃபிளாட் விலை கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கும்.

முதல் முதலீட்டுக்குக் குடித்தனக் கடை வேண்டவே வேண்டாம்.

1 செப்டம்பர் 2024

லீசுக்கு விடுவது பற்றி: 8 லட்சம், 10 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவது, மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்களே, அது. புதிதாக வாங்கியவர்கள் கடனை அடைக்க இதைச் செய்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் அதே தொகை கையில் இருக்காது, இன்னொருவரிடம் லீஸ் வாங்கி இவருக்குக் கொடுப்பார்கள். நடுவில் பேங்க் அந்த வீட்டை ஏலம் விட்டால் லீஸ் பணம் கொடுத்துக் குடிவந்தவர் தெருவில். லீசுக்குப் போகிறவர்கள் வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வில்லங்கச் சான்று ஆன்லைனிலேயே இலவசமாகப் பார்க்கலாம், சோம்பல்படாதீர்கள்.

19 அக்டோபர் 2024

வரி விஷயத்தில் இந்த மாதம் இரண்டு மாற்றம், கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க. மாதம் 50,000-க்கு மேல் வாடகை கொடுக்கும் தனிநபர் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ். (வாடகை கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இது பொருந்தாது, அங்கே 30 சதவீதமும் மேல்வரியும். துபாயில் இருக்கிற மச்சானுக்கு வாடகை அனுப்புகிறவர்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத வீட்டுக்காரர், பதிவு உள்ள வியாபாரிக்குக் கடை கொடுத்திருந்தால், 10 அக்டோபர் முதல் 18 சதவீத வரியை வாடகைக்காரரே கட்ட வேண்டும். உங்கள் கடைக்காரர் இதைச் சொல்லி வாடகையைக் குறைக்கக் கேட்பார். அவர் அந்த வரியைத் தன் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.